இராசலிங்கத்தின் சிறுகுறிஞ்சா

செடி வளர்ப்பவர்கள் உண்டு, செடியை ரசிப்பவர்கள் உண்டு. செடிக்குப் பெயர் சொல்பவர்கள் தனி இனம். ஓர் இலையின் நுனி கண்ணில் பட்டால் போதும், "இது தெரியாதோ உங்களுக்கு?" என்று தொடங்கிவிடுவார்கள். ரயிலில், மரணவீட்டில், மருத்துவருக்குக் காத்திருக்கும் இடத்தில், யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கல் படத்தில், ஒருமுறை பிளாஸ்டிக் செடியிலும்கூட. சந்தேகம் என்ற உறுப்பு அவர்களுக்கு முளைப்பதில்லை.

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் மூன்றாம் மாடியில் வசிக்கும் இராசலிங்கம் இந்த இனத்தின் நல்ல மாதிரி. இரண்டு வருடங்களுக்கு முன் ஞாயிறு சந்தையில் பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு கொடியைக் கண்டார். இலையைக் கிள்ளினார். பால் வந்தது. "சிறுகுறிஞ்சா!" என்றார். பால் வரும் கொடிகள் உலகில் ஆயிரம் இருக்கின்றன என்கிறீர்களா? இருக்கட்டும். இராசலிங்கத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

வெப்பநாட்டுக் கொடிக்குச் சூடும் ஈரமும் வேண்டும். வீட்டில் இரண்டும் உள்ள இடம் குளியலறை. ஆகவே கொடி குளியல்தொட்டிக்குள் குடியேறியது. செடி வளர்க்கும் ஊதா விளக்கு வந்தது, வெப்பமானி வந்தது, கண்ணாடியைச் சுற்றிக் கம்பி வந்தது, கொடி அதில் ஏறித் துவாய்க் கொளுக்கியைப் பிடித்தது, குழாயைப் பிடித்தது, கடைசியில் திரைச்சீலையைக் கழற்றச் சொல்லித் தானே அந்த இடத்தில் தொங்கியது. மனைவி வத்சலா குனிந்து போய்ப் பல் விளக்கினார்.

வருகிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. நீரிழிவுக்கு மருந்தென்று பேர்பெற்ற சிறுகுறிஞ்சாவின் இலையை மென்றால் சிறிது நேரத்துக்கு நாக்குக்குச் சீனி இனிக்காது. ஆகவே ஓர் இலை, பிறகு ஒரு கரண்டி சீனி.

"எப்பிடி இருக்கு?"

"இனிக்குது அண்ணை," என்றார் கொலோனிலிருந்து வந்திருந்த அன்ரன்.

"இனிக்கும். முப்பது வருசமாய் கேக் திண்ட நாக்கு. அது டொச் நாக்காப் போச்சு. இனி ஒண்டும் செய்ய ஏலாது."

கொலோன் போய்ச் சேரும்வரை அன்ரன் தன் நாக்கை நினைத்துக் கவலைப்பட்டார். கொடியை நினைக்கவில்லை.

கடைசியில் வத்சலா நிபந்தனை வைத்தார். "இஞ்சருங்கோ, சிறுகுறிஞ்சாப் பூ மஞ்சள். மஞ்சளாப் பூத்தால் நான் சாகுமட்டும் குனிஞ்சே பல்லு விளக்குறன். இல்லையெண்டால் கொடி குப்பைக்கு, குளியலறை எனக்கு."

"பூக்கட்டும்," என்றார் இராசலிங்கம். அன்றிலிருந்து, மொட்டு ஏதும் கண்ணில் பட்டுவிடாதபடி, கண்ணை மூடிக்கொண்டே குளியலறைக்குள் போய்வந்தார். ஊரே தன்னிடம் பெயர் கேட்கிறது. ஒரு பூ மாறிப் பூத்தால் இனி யார் கேட்பார்?

மே மாதம் பூத்தது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கொத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னச் சிவப்பு நட்சத்திரம். ஊதா விளக்கை அணைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். மஞ்சள் வரவில்லை.

வத்சலாவின் தங்கை மகள் சுஜானி பான் நகரப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆய்வு செய்பவள். அந்த வார இறுதியில் வந்தாள்.

"பெரியப்பா, இது ஹோயா. மெழுகுப்பூ எண்டும் சொல்லுவினம். சிறுகுறிஞ்சாவுக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் ஆள் வேற. இஞ்ச எத்தினை வீட்டு யன்னலில நிக்குது. அங்க பாருங்கோ."

எதிர்வீட்டு யன்னலில் அதே கொத்து. அதற்குக் கீழ்வீட்டிலும்.

இராசலிங்கம் நெடுநேரம் பார்த்தார். வத்சலா கத்தரிக்கோலோடு நின்றார். சுஜானிக்கே பாவமாகிவிட்டது.

"பாத்தியே வத்சலா," என்றார் அவர் மெல்ல. "இவ்வளவு சிறுகுறிஞ்சாவை யன்னலில வச்சுக்கொண்டு இந்தச் சனம் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுது!"

சுஜானி கதிரையில் இருந்துவிட்டாள்.

"அப்ப இந்தக் கொடி?" என்றார் வத்சலா.

"தாராளமா எறி. ஊர் முழுக்க நிக்குதே."

அன்று மாலை வத்சலா இரண்டு வருடத்துக்குப் பிறகு குளியல்தொட்டியில் காலை நீட்டிப் படுத்தார். இராசலிங்கம் எதிர்வீட்டு அழைப்புமணியை அழுத்திக்கொண்டிருந்தார். பாவம், அந்த அம்மாவிடம் என்ன இருக்கிறது என்பதை யாராவது சொல்லத்தானே வேண்டும்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். சுஜானி வருவதற்கு வெகு முன்பே "இது சிறுகுறிஞ்சாவே இல்லை" என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்களே, ஓர் இலையையாவது பார்த்தீர்களா?