சார் தண்ணி

சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடுவது ஒரு வியாதி. எனக்கு அது இருபத்து நான்கு வயதில் நன்றாக முற்றியிருந்தது.

வேதியியலில் எம்.எஸ்சி. முடித்த கையோடு, அடி அண்ணாமலையில் பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பில் அறிவியல் சொல்லித்தரப் போனேன். (ஊரைத் திருத்தப் போவதாக நினைப்பு.) பன்னிரண்டு பெண்கள், கழனி வேலை முடித்து நாலு மணிக்கு நோட்டோடு வருவார்கள்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலக் கூட்டம் போட்டுப்போன சாப்பாட்டுத் தட்டுகளும் பிளாஸ்டிக் டம்ளர்களும் தெருக் கைப்பம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன. பார்த்ததுமே தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

"இந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. கிருமி இருக்கு."

"நெஜமாவா சார்?" என்றார் வள்ளியம்மா. மல்லாட்டை (வேர்க்கடலை) பயிரிடுபவர். வகுப்பில் அதிகம் கேள்வி கேட்பவரும் அவர்தான்.

"நெஜம்தாம்மா. நாலு நாள்ல சோதனை பண்ணிக் காட்டறேன்."

என் பேச்சை நம்பி, பன்னிரண்டு பேரும் ஊர்க்கோடிக் கிணற்றிலிருந்து குடம் சுமந்தார்கள்.

சோதனைப் புட்டிகள் வந்தன. தண்ணீரில் சாக்கடைக் கிருமி இருந்தால் இரண்டு நாளில் புட்டி கறுத்துவிடும். ஒன்றில் பம்புத் தண்ணீர். சுத்தமான தண்ணீர் எப்படி இருக்கும் என்று காட்ட, இன்னொன்றில் நான் குடிக்கும் பாட்டிலிலிருந்து கேன் தண்ணீர். எழுத்துப் பயிற்சியாக இருக்கட்டுமென்று, புட்டிகளில் பெயர் எழுதி ஒட்டியதும் அவர்களே.

இரண்டு நாள் கழித்து, ஒரு புட்டி தார் மாதிரி கறுத்திருந்தது. வள்ளியம்மா அதை எடுத்து எழுத்துக்கூட்டினார்.

"சா...ர்... த...ண்...ணி."

பம்புத் தண்ணீர் நிறம் மாறாமல் இருந்தது.

"கேன்காரன் ஏமாத்திட்டான்!" என்றேன் உடனே. (வியாதி அவ்வளவு சீக்கிரம் குணமாகுமா?)

"இருங்க சார். கெட்டது தண்ணியா, பாட்டிலா? தனித்தனியா பாத்தாதான தெரியும்?" என்றார் வள்ளியம்மா.

நான் ஆய்வகத்தில் இரண்டு வருடம் படித்தது இதைத்தான். என் வாயில் வரவில்லை.

கேன் தண்ணீரை நேராக ஒரு புட்டியிலும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை என் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி இன்னொன்றிலும் வைத்தோம். கறுத்தது இரண்டாவது.

"பாட்டில எப்ப சார் கழுவுனீங்க?"

யோசித்தேன். நான் யோசித்த நேரமே அவர்களுக்குப் பதிலாகிவிட்டது. சிரித்த சிரிப்பில் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு நாள் சுமந்த குடங்கள் கண்முன் வந்தன. "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"அது கெடக்குது, வாங்க" என்று வள்ளியம்மா என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். "தண்ணி நல்லாருக்குதுனு குப்பைய வுட்டுட முடியுமா?" பம்படி சுத்தமாகும்வரை பதின்மூன்று பேரும் பெருக்கினோம்.

என் கல்யாணத்துக்கு அத்தனை பேரும் வந்தார்கள். வண்ணக் காகிதத்தில் சுற்றிய பரிசை மேடையிலேயே பிரிக்கச் சொன்னார்கள். பாட்டில் கழுவும் பிரஷ். காரணத்தை வள்ளியம்மா என் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை வரிசை நகரவில்லை.

போன வாரம், "இன்னிக்கி மழை வராது, குடை வேணாம்" என்று வீட்டில் அறிவித்தேன். என் எட்டு வயது மகள் நிமிராமலே கேட்டாள்:

"பாட்டில் கழுவுனியாப்பா?"

நனைந்துகொண்டேதான் வீடு திரும்பினேன்.