அப்பா திறந்து பார்க்காத ரிவால்வர்

வில்லோ ஃபோர்க், மொன்டானா
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

மரியாதைக்குரிய நெவா அத்தைக்கு,

ஆறு துளைகளில் ஐந்தின் வாயில்தான் கருவளையம் இருந்தது. ஆறாவது துளை கழுவிக் கவிழ்த்த தம்ளர் போலச் சுத்தமாக இருந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். நலம் விசாரிக்காமல் எடுத்த எடுப்பில் இப்படி ஆரம்பித்ததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஸ்போக்கேனில் உங்கள் முழங்காலும் மாமாவின் தக்காளிச் செடிகளும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அம்மா, நான், நாய் மூவரும் சுகம். அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு ரிவால்வர் வாங்கியிருக்கிறார்.

உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கு நீங்கள் போன் செய்ய வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். ஆனால் நடந்தது முழுவதும் தெரியாமல் நீங்கள் போனை எடுத்தால் அவர் உங்களைப் பேச்சில் மடக்கிவிடுவார், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

துணை ஷெரிப்பாக இருந்த லைல் கான்ட்ரி தவறிப்போனது உங்களுக்குத் தெரியும். அவருடைய மகள் வந்து வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டாள். நானும் அப்பாவும் பனி தள்ளும் இயந்திரத்தை எடுக்கத்தான் போனோம், அம்மாவும் அதற்காகத்தான் எங்களை அனுப்பினாள். போன இடத்தில் கார் கொட்டகைக்குள் ஒரு மேஜை, அதன் மேல் நீல அட்டைப் பெட்டி, பெட்டிக்குள் அந்த ரிவால்வர். பெரிய சட்டகம், நீளக் குழல், அப்பா பிறப்பதற்கு முன் செய்தது. இரும்பின் நிறம் கறுப்பா நீலமா என்று சொல்ல முடியவில்லை, மழைக்கு முந்தின வானம் மாதிரி இருந்தது. மேஜைக்குப் பக்கத்தில் நின்ற ஏலக்காரரின் ஆள் வழக்கப்படி தோட்டா போடுகிற உருளையைத் திறந்து, காலி என்று காட்டி, என் கையில் கொடுத்தார். நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும். நான் பார்த்த பார்வையே கேட்டிருக்க வேண்டும்.

அத்தை, என் கை நடுங்கும் என்பது இந்த ஊருக்கே தெரியும். வகுப்பில் எழுந்து நின்று பீட்ரூட் சாகுபடியைப் பற்றிப் படிக்கச் சொன்னபோது தாள் நடுங்கிய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. அதோடு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, அப்பாவின் டயர் கடைக்கு வந்துவிட்டேன். டயரிடம் பேச வேண்டியதில்லை. போன வருடம் சரளைக் குழியில் நடந்த இலையுதிர் காலச் சுடும் போட்டியிலும் அதே கதைதான். என்னுடைய சின்ன ரிவால்வரை நீட்டி நின்றேன், பின்னால் பத்துப் பேர் நின்று பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்தது, கை ஆடியது, என் தோட்டா பக்கத்தில் நின்ற முடிதிருத்துகிறவர் ஹோய்டின் இலக்கில் போய் நடுமையத்தில் விழுந்தது. ஹோய்ட் அதனால்தான் ஜெயித்தார். கோப்பையை அவர் தன் கடைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்திருக்கிறார், முடி வெட்டிக்கொள்கிற நேரம் முழுவதும் அப்பா அதையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

ஆனால் லைலின் ரிவால்வரை நீட்டிப் பிடித்தபோது கை நடுங்கவில்லை. அதன் கனத்தில் என் கை அடங்கிவிட்டது. மிரண்ட கன்றின் கழுத்தில் யாராவது கை வைத்தால் அது நிற்குமே, அப்படி. கொட்டகையில் ஊரே நின்றுகொண்டிருந்தது. இருந்தும் நடுங்கவில்லை. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன், இந்த வருடம் போட்டியில் இதை வைத்துத்தான் சுடப்போகிறேன் என்று.

அப்போதுதான் உருளையின் முன்பக்கத்தில் அந்த ஐந்து வளையங்களைப் பார்த்தேன். சுட்டுச் சுட்டுத்தான் அந்தக் கறை ஏறும், துணியால் துடைத்தால் போகாது. லைல் நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரையும் போல ஐந்து தோட்டாதான் போட்டிருக்கிறார். கீழே விழுந்தாலும் வெடிக்காமல் இருக்க, தோட்டாவை அடிக்கிற குதிரைக்கு நேரே ஒரு துளையைக் காலியாக விட்டிருக்கிறார். எப்போதும் அதே துளை. மறந்துவிடாமல் இருக்க அதன் பக்கத்தில் ஊசியால் ஒரு சின்னக் கீறல்கூடப் போட்டிருக்கிறார். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா எதிர்ப்பக்கம் நின்ற ஹோய்டை முறைத்துக்கொண்டிருந்தார். மேஜையை அவர் பார்க்கவே இல்லை.

ஏலம் தொடங்கியது. ஏலக்காரர் பெட்டியைத் தூக்கி, "பாத்துக்குங்க, பாத்துக்குங்க! பெட்டிய விட்டு வெளிய வராத பொருள்! ஒத்தத் தோட்டா போகாத குழல்!" என்று கத்தினார். ஹோய்ட் ஏலம் கேட்கும் தன் அட்டையைத் தூக்கினார். அப்பாவின் கை தானாக மேலே போனது. இருவரும் மாறி மாறித் தூக்கியதில், கொட்டகைக்குள் புகுந்த ஈக்களை விரட்டுகிறார்களோ என்று தோன்றியது. கடைசியில் ஹோய்ட் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எடுத்துக்கடா மெர்ல். அடுத்த தடவ முடி வெட்ட வரும்போது இடுப்புல கட்டிக்கிட்டு வா. உன் தலையில பாக்கறதுக்கு வேற என்ன இருக்கு?"

"உனக்கு வயித்தெரிச்சல்டா," என்றார் அப்பா. பனி தள்ளும் இயந்திரம் அடுத்ததாக வந்தது. அதை யாரோ கொண்டுபோனார்கள். இந்தக் குளிர்காலத்தில் அம்மா கையால் பனி அள்ளுவாள், அள்ளும்போதெல்லாம் பேசுவாள்.

அன்றிலிருந்துதான் அத்தை, எங்கள் வீடு வீடாக இல்லை. ரிவால்வர் டயர் கடையின் இரும்பு அலமாரியில் குடியிருக்கிறது. டயர் மாற்ற வருகிறவர்கள் எல்லோருக்கும் தரிசனம் உண்டு, ஆனால் யாரும் தொடக்கூடாது. விரல் ரேகை பட்டால் இரும்பு துருப்பிடிக்குமாம். அதற்காக அம்மா தேவாலயத்துக் கைமணிக் குழுவில் போட்டுக்கொள்கிற வெள்ளைக் கையுறையில் ஒன்றை அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா, "ஏங்க, என் வலது கையுறை எங்க?" என்று கேட்டதற்கு, "ஏன், நீ இடது கையால மணி அடிச்சா சாமிக்குக் கேக்காதா?" என்றார். அம்மா ஒரு கை வெள்ளையும் ஒரு கை வெறுமையுமாக நின்று மணி அடித்ததை ஊரே பார்த்தது.

முதலில் அதை, கூடவே வந்த லைலின் பழைய தோல் உறைக்குள் வைத்திருந்தார். முடி வெட்டப் போன இடத்தில் ஹோய்ட், "தோலுக்குள்ள வச்சா ஈரம் இழுக்கும்டா, துரு பூத்துரும்," என்று சொல்லிவிட்டார். அப்பா பாதி வெட்டிய தலையோடு கழுத்தில் துண்டு பறக்கக் கடைக்கு ஓடிவந்தார். பிறகு ஈரத்தை உறிஞ்சட்டும் என்று, துப்பாக்கி எண்ணெய் தடவின ரிவால்வரை அம்மாவின் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தார். இரண்டு வாரம் கழித்து, அரிசித் தூசி உள்ளே போய்விடும் என்று பயந்து வெளியே எடுத்துவிட்டு, டப்பாவைச் சத்தமில்லாமல் சமையலறையில் திரும்ப வைத்துவிட்டார். அம்மா அந்த அரிசியில் கோழியும் சோறுமாக வேகவைத்துத் தேவாலயப் பொதுவிருந்துக்கு எடுத்துப்போனாள். பாஸ்டர் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

"லவோன், இதுல என்னமோ ஒரு தனி வாசனை இருக்கே, என்ன போட்டீங்க?"

அம்மா முகர்ந்து பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். "அது எங்க குடும்ப ரகசியம், பாஸ்டர்," என்று அப்பா சொல்லிவிட்டுக் காரை எடுக்கப் போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் அம்மா அவரிடம் நாய் மூலமாகத்தான் பேசினாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அவர் அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. நம் வீட்டில் துப்பாக்கி யார் கைக்குப் போனாலும் திறந்து, காலி என்று காட்டித்தான் போக வேண்டும். இதைச் சின்ன வயதில் ஒருமுறை மறந்ததற்கு நீங்கள் அப்பாவைக் கோழிக் கூண்டுக்குள் போட்டுப் பூட்டினீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது கேட்டால், "ஏலக்காரனோட ஆளு திறந்து பாத்தாச்சு. திறக்கத் திறக்கக் கீல் தேயும், சுத்தச் சுத்த உருளையில கோடு விழும். நான்தான் யார் கையிலயும் குடுக்கறதே இல்லையே!" என்கிறார். போட்டிக்குக் கொண்டுபோகலாமா என்று அம்மா எனக்காகக் கேட்டுப் பார்த்தாள். "சுடறதா? இதையா? கன்னி கழியாத துப்பாக்கி!" என்று கூரை அதிரக் கத்தினார்.

உண்மையை நான் சொன்னால் அவர் முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஊர் முழுவதும் சொல்லி வைத்திருக்கிறார், அதிலும் ஹோய்டிடம். சொல்லாவிட்டால் அது வெள்ளைக் கையுறையைப் பார்த்துக்கொண்டே அலமாரிக்குள் கிழமாகும், நானும் அப்படியே. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரை நீட்டிப் பிடித்துக் கையைப் பழக்கி வருகிறேன். ஏறக்குறைய அதே கனம். போன திங்களன்று உள்ளே வந்த டயர் கம்பெனி விற்பனையாளர் என் எதிரில் நின்று, கையைத் தூக்கி, பின்பக்கமாகவே நடந்து தன் காருக்குப் போய்விட்டார். இருந்தாலும் பழகுவதை நிறுத்தவில்லை. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை போட்டி. நான் அந்தக் கோட்டில் நிற்கத்தான் போகிறேன்.

ஆகவே நீங்கள் போனில் சொல்ல வேண்டியது இதுதான்: "மெர்ல், லைல் அந்த ரிவால்வரால் நிறையச் சுட்டிருக்கிறார், எனக்குத் தெரியும். ட்வைலா கையில் கொடு." எப்படித் தெரியும் என்று கேட்டால் கனவில் வந்தது என்று சொல்லுங்கள். உங்களுக்குக் கனவெல்லாம் வராது என்பது அவருக்குத் தெரியும், ஆனால் உங்களிடம் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. சொல்லிக்கொடுத்தது நான் என்பது மட்டும் எந்தக் காரணத்தாலும் வெளியே வரக்கூடாது. நான் இந்தக் கடிதம் எழுதவே இல்லை.

மாமாவுக்கும் தக்காளிக்கும் என் அன்பு. உங்கள் முழங்கால் சீக்கிரம் படி ஏறட்டும். உங்கள் குரலுக்கு வழக்கமான பலம் ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் குறையாமல் இருக்கட்டும்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மகள் ட்வைலா

பி.கு. இன்று சனிக்கிழமை. போன் செய்ய வேண்டாம். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன், அதற்குள் காரியம் வேறு மாதிரி ஆகிவிட்டது. நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா ஹோய்டை அழைத்திருந்தாள். ஆப்பிள் பை பலகாரம் வருவதற்குள் அப்பாவால் அடக்க முடியவில்லை, கடைக்குப் போய் நீலப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டார். ஹோய்ட் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "ஒரே ஒரு தடவ கையில குடுடா, மெர்ல்," என்றார். அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை, அப்பாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. கையுறையோடு எடுத்து, பிடிப் பக்கத்தை அவரிடம் நீட்டினார்.

"திறந்து காட்டிட்டுக் குடுங்கப்பா."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும்தான் திரும்பிப் பார்த்தேன், அத்தை. பேசியது நான்தான். அப்பாவின் காது சிவந்தது. கோழிக் கூண்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். உருளையைத் திறந்தார். நல்ல அலமாரிக் கதவு திறக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. விளக்குக்கு நேராகப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஹோய்ட் எட்டிப் பார்த்தார். அவர் சிரிக்கப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அஞ்சுலதான் தோட்டா போட்டுச் சுட்டிருக்கார் பாரு," என்றார் ஹோய்ட். "ஒண்ணு எப்பவும் காலி. லைல் ஒழுங்கான மனுஷன்டா."

அப்பா அந்தக் கீறலைக் கையுறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றார்.

"ஏலத்துலேர்ந்து."

"ஏண்டி சொல்லல?"

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க."

அம்மா ஆப்பிள் பையை வெட்டாமல் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கையுறையைக் கழற்றி அவள் தட்டின் பக்கத்தில் வைத்தார். ஹோய்ட் எழுந்து போய், மாட்டியிருந்த தன் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு தோட்டாப் பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது. "ஏலத்துக்கு முந்தின வாரமே வாங்கிட்டேன். எனக்குத்தான் விழும்னு நெனச்சேன். அன்னிலேர்ந்து கோட்டுலயே கெடக்கு."

"அப்ப நீயும் சுடத்தான் பாத்தியா?" என்றார் அப்பா.

"பின்ன? ஊறுகா போடவா?"

இன்று காலையில் சரளைக் குழிக்குப் போனோம். அப்பாவும் ஹோய்டும் எனக்குப் பின்னால், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா உருளையைத் திறந்து, காட்டி, என் கையில் கொடுத்தார். நானும் பார்த்தேன். ஐந்து தோட்டா போட்டேன், கீறல் இருந்த துளையைக் காலியாக விட்டேன், மூடினேன், கையை நீட்டினேன். கை நடுங்கவில்லை, அத்தை.