முயலுக்கு முடி முளைத்தால்

என் தலைமுடியில் ஓர் இழையைக்கூட எந்தச் சாமிக்கும் கொடுப்பதில்லை என்று நான் தீர்மானம் செய்தபோது, எனக்கும் பழனி முருகனுக்கும் எந்த மனஸ்தாபமும் கிடையாது. அவர் மேல் எனக்கு நிரம்ப பக்தி. என் கிராப்பு மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பக்தி, அவ்வளவுதான்.

சும்மாக் கிராப்பு இல்லை அது. முன்னால் ஒரு சுருள், சொன்ன பேச்சுக் கேட்டு நெற்றியில் வந்து விழும். நாயுடுபுரத்தில் எங்கள் டாக்டரிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது டாக்டரை இல்லை; கம்பவுண்டர் ஞானவேலாகிய என் தலையைத்தான். வருஷா வருஷம் சித்திரையில் எங்கள் தெருக்காரர்கள் போடும் நாடகத்தில் கதாநாயகன் நானே. நடிப்புக்காக என்று நான் சொல்வேன். கிராப்புக்காக என்று என் மனைவி சண்முகவள்ளி சொல்வாள். இந்த வருஷம் எனக்கு பி.ஏ. படித்த வாலிபன் வேஷம். ராஜா வேஷம் என்றால் டோப்பா வைத்துச் சமாளிக்கலாம். பி.ஏ. படித்தவனுக்கு யாராவது டோப்பா வைப்பார்களா?

இதில் டோப்பாப் பேச்சு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நாங்கள் கொடைக்கானலுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு டைபாய்டு கண்டது. நான் பிழைத்தால் பழனிக்குக் கூட்டிவந்து மொட்டை போடுவதாக சண்முகவள்ளி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து சீசன் முடியட்டும், மழை விடட்டும், நாடகம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எந்த மொட்டையும் ஒரு வருஷம் பொறுத்தால் ஆறிப்போகும் என்பது என் கணிப்பு.

வேறு ஊராக இருந்தால் ஆறிப்போயிருக்கும். இங்கே ஒரு சங்கடம். குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் போய் நின்றால், மேகம் இல்லாத நாளில் பழனி மலை கீழே அப்படியே தெரியும். காற்று வாங்கப் போனால்கூட சண்முகவள்ளி என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்துவாள்.

"அந்தா நிக்கிறாரு பாருங்க. உங்க தலையைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

நான் மேகம் வரட்டும் என்று வேண்டிக்கொள்வேன். அதையும் முருகனிடம்தான் வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் முயல்கள் வந்தன. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி அந்த இரண்டையும் டாக்டரிடம் விட்டுவிட்டுப் போனாள். டாக்டர் என்னிடம் விட்டார். நான் சண்முகவள்ளியிடம் விட்டேன். பஞ்சுப் பொதியில் கண் வைத்தது மாதிரி இரண்டு உருப்படி. ஆணுக்குத் துரை என்றும் பெண்ணுக்கு மல்லி என்றும் பெயர் வைத்தாள். அன்று முதல் எங்கள் வீட்டில் முதல் காரட் துரைக்கு, இரண்டாவது மல்லிக்கு, இலை எனக்கு.

தை மாதம், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு காலையில் சண்முகவள்ளி ஓடிவந்து என் போர்வையை உருவினாள்.

"என்னங்க, வெரசா எந்திரிங்க. துரை மூக்கைப் பாருங்க."

பார்த்தேன். துரை மூக்கில் பொருக்கு. காது ஓரத்தில் பொருக்கு. காலை உதறி உதறிச் சொறிந்துகொண்டிருந்தார். மல்லிக்கும் அதே கதை. காதைச் சுற்றி முடி கொட்டி, தோல் ரோஜா நிறத்தில் தெரிந்தது. டாக்டருடைய லென்ஸை வாங்கிவந்து பொருக்கைச் சுரண்டி வைத்துப் பார்த்தேன். நினைத்தது சரி.

"சிரங்குப் பூச்சி. தோலுக்குள்ளே குடைஞ்சு குடியிருக்கு. கவலைப்படாதே, கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைச்சுப் போட்டா ஓடிப்போகும்."

"நான் நேந்துக்கிட்டேங்க."

"என்னன்னு?"

"முருகா, இதுங்களுக்கு மறுபடியும் முடி முளைச்சா எங்க வீட்டுக்காரர் முடியை உனக்குத் தாரேன்னு."

எனக்குத் தலை சுற்றியது. சுற்றுவதற்கு அதுவும் இன்னும் எத்தனை நாளைக்கு இருக்குமோ என்று பயம் வந்துவிட்டது.

"என் தலையை என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி நேந்துக்கலாம்?"

"சாமிகிட்டக் கேக்குறதுக்கு உங்ககிட்ட எதுக்குங்க கேக்கணும்?"

"வேணும்னா உன் முடியைக் கொடு."

"அதைக் குடுத்தா முருகன் நம்புவாராங்க? போன தடவை சொன்ன ஆளு இன்னும் வரலையே, இப்ப வேற தலையை அனுப்புறாளேன்னு நெனைக்க மாட்டாரா?"

அப்போதுதான் என் மூளையில் அந்த மகத்தான யோசனை உதித்தது. இந்த மொட்டையையும் பழைய மொட்டையையும் சேர்த்து ஒரே வீச்சில் ஒழித்துவிடும் யோசனை. உடனே பக்கத்து வீட்டு சேனாதிபதியைக் கூப்பிட்டேன். தையற்காரர், எங்கள் நாடகத்துக்கு மேனேஜர்.

"சேனாதிபதி, நீங்கதான் நடுவர். துரைக்கு நான் மருந்து போடுவேன். மல்லிக்கு இவ பழனி விபூதி போடட்டும். மாசி பிறக்கிறப்ப யாரோட முயலுக்கு முடி முளைச்சிருக்குன்னு பாப்போம். துரைக்கு முளைச்சா குணப்படுத்தினது மருந்து. அப்ப டைபாய்டுக் காலத்துல என்னைக் குணப்படுத்தினதும் மருந்துதான். ரெண்டு நேர்த்தியும் ரத்து."

"மல்லிக்கு முளைச்சா?" என்றார் சேனாதிபதி.

"மறுவாரமே பழனி. மொட்டை."

"சூடத்துல அடிச்சுச் சொல்லுங்க" என்றாள் சண்முகவள்ளி.

கட்டிச் சூடத்தைக் கொளுத்தி வைத்தாள். நான் உள்ளங்கையால் படீரென்று அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். கை சுட்டது. ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரே கும்மாளம். சிரங்குப் பூச்சிக்கு முன்னால் விபூதி எத்தனை நாள் நிற்கும்? பி.ஏ. வேஷத்தில் நான் மேடையில் சுருளை ஒதுக்கிவிட்டு நிற்பது கண்முன் தெரிந்தது.

வேலையில் இறங்கினேன். பழைய வைக்கோலைக் கொளுத்தினேன். இரண்டு பெட்டிகளிலும் கொதிநீர் ஊற்றித் தேய்த்தேன். துரை பின்கட்டுக் கொட்டகைக்கும், மல்லி அடுப்படிக்கும் குடிபோனார்கள். ஒருவர் முயலை இன்னொருவர் தொடக்கூடாது என்று சட்டம். மருந்துக்கடையிலிருந்து சுத்தமான கந்தகப் பொடி வாங்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் கொட்டி, மேலே மண்டையோட்டுப் படம் வரைந்து, விஷம் என்று எழுதி அலமாரி மேல் வைத்தேன். மறுநாள் முதல் மருந்து போட ஆரம்பித்தேன்.

தை மாதத்தில் எங்கள் ஊரில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகக் கிடக்கும். என் மூக்கும் அப்படித்தான். ஐப்பசியில் அடைத்தால் பங்குனியில்தான் திறக்கும். மல்லிகையா, மண்ணெண்ணெயா என்று கேட்டால் பாட்டிலைப் பார்த்துத்தான் சொல்வேன். சண்முகவள்ளி பெருந்தன்மையாக எனக்கும் எண்ணெயைச் சூடுகாட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். எதிரிக்கு உதவுகிறாளே, பாவம், அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள் மஞ்சேரென்று குழைத்துத் துரைக்குப் பூசினேன். அவர் ஆட்சேபிக்கவே இல்லை. பூசப் பூச நக்கினார். நக்கி முடித்துவிட்டு இன்னும் கொண்டா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"பாத்தியா, மருந்துன்னு அதுக்கே தெரியுது" என்றேன்.

"ஆமாங்க. ஆசையாத்தான் நக்குது" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் குளிருக்கு இதமாக வாழைக்காய் பஜ்ஜி போடச் சொன்னேன்.

"கடலைமாவு இல்லைங்க."

"போன வாரம்தானே நிறைய வாங்கிப் போட்டேன்?"

"தீந்துபோச்சு. குளிர்ல எல்லாமே வெரசாத் தீந்துபோகுது."

குளிரில் கடலைமாவு ஏன் தீர வேண்டும் என்று நான் கேட்டிருக்கலாம். எனக்குத்தான் முயல் சோலியே தலைக்கு மேல் கிடந்ததே.

ஒரு வாரம் போயிற்று. மல்லி சொறிவதை நிறுத்தியது. எனக்குச் சிரிப்பு நின்றது. அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். சண்முகவள்ளி விபூதியை எண்ணெயில் குழைத்து அதன் காதில் தடவிக்கொண்டிருந்தாள்.

"விபூதி என்ன மஞ்சளா இருக்கு?"

"சந்தனக் காப்புச் சாத்தினப்ப எடுத்ததுங்க. விசேஷம்."

நான் பூச்சின் கனத்தைக் கூட்டினேன். ஒருவேளைக்கு இருவேளையாக்கினேன். துரைக்கு முடி வளரவில்லை, தொப்பை வளர்ந்தது. என் காலடிச் சத்தம் கேட்டாலே கொட்டகைக்குள் குதித்தார். கந்தகம் தின்று ஒரு பிராணி கொழுக்கும் என்று எந்த வைத்திய சாஸ்திரத்திலும் நான் படித்ததில்லை. பயந்துபோய் டாக்டரிடம் கேட்டேன். "மனுஷங்க மருந்தை முதல்ல ஒழுங்காக் கலக்குமய்யா" என்றார்.

மாசி பிறந்தது. சேனாதிபதி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். மல்லியை மடியில் வைத்து, துணி வாங்குகிறவர் மாதிரி விரலால் தடவி, எதிர்முடியாக ஊதிப் பார்த்தார். காதைச் சுற்றிப் புது முடி, குட்டி குட்டியாக, வெள்ளை வெளேரென்று. அப்புறம் துரையைத் தூக்கினார். மறுபடி ஒருமுறை மூச்சுப்பிடித்துத் தூக்கினார்.

"கம்பவுண்டரே, இது எடைப் போட்டியா இருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

"நாடகம், சேனாதிபதி. பி.ஏ. வேஷம்."

"அதை நான் பாத்துக்கிறேன். நானே கட்டிக்கிறேன். உங்களுக்கு மூணாம் காட்சியில சாமியார் வேஷம் இருக்கு. மொட்டையோட வந்தா மேக்கப்பே வேணாம்."

சூடத்தில் அடித்த சத்தியம். தப்ப முடியாது. மறுவாரம் வெள்ளனே பஸ் ஏறி, வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று சுற்றிக்கொண்டு பழனி போய்ச் சேர்ந்தோம். தினமும் கண்ணுக்கு நேரே தெரிந்த இடத்துக்குப் போகக் கிட்டத்தட்ட ஒரு பகல் பிடித்தது. சண்முகவள்ளி மல்லியையும் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு வந்தாள். குணமானவள் சாமியைப் பார்க்க வேண்டாமா என்றாள்.

மறுநாள் காலையில் நாவிதர் என் தலையில் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். "நல்ல முடிங்க, சாமி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அதை மறைக்கவும் இல்லை. கத்தி ஒரு இழுப்பு இழுத்தது. என் சுருள், அந்த முன்சுருள், மடியில் வந்து விழுந்தது. கடைசிவரை சொன்ன பேச்சுக் கேட்ட சுருள். சண்முகவள்ளி கண்ணை மூடி முருகனிடம் ஏதோ முணுமுணுத்தாள். அப்புறம் என் மொட்டையில் சந்தனத்தை வழித்துப் பூசினாள். குளுகுளுவென்று இருந்தது. உண்மையைச் சொன்னால், அவள் கை பட்டதும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"இந்தக் கூடையைப் பிடிங்க. பசியா இருப்பீங்க, ஏதாச்சும் வாங்கியாரேன்" என்று அடிவாரத்துக் கடைக்குப் போனாள்.

பழனி வெயில் மண்டையில் இறங்கியது. சந்தனம் காய்ந்தது. ஐப்பசியிலிருந்து அடைத்துக் கிடந்த என் மூக்கு, படக்கென்று திறந்துகொண்டது. முதல் வாசனை கூடைக்குள்ளிருந்து வந்தது. தீக்குச்சி வாசனை. கூடைக்குள் தலையை விட்டு முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, மல்லி முழுக்கக் கந்தகம் மணந்தாள்.

நிமிர்வதற்குள் சண்முகவள்ளி வாழையிலையில் சூடாகப் பஜ்ஜியை நீட்டினாள். அதை மோந்த மாத்திரத்தில் எனக்குத் துரை ஞாபகம் வந்தது. மஞ்சள் நிறம். எண்ணெய். நக்கி நக்கி வளர்ந்த அந்தத் தொப்பை.

"வள்ளி, மல்லிக்கு நீ போட்டது விபூதி இல்லை. என் கந்தகம்."

"விபூதியும் போட்டேங்க. நீங்க சொன்ன வைத்தியமாச்சேன்னு அதையும் சேத்துக்கிட்டேன். நீங்க சொன்னா தப்பா இருக்குமா?"

"அப்ப என் டப்பாவுல இருந்தது?"

"பஜ்ஜி ஆறிப்போகுதுங்க."

"கடலைமாவா? அந்தத் துரை என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதுக்கும் நல்ல மருந்தை நடுவர் தீர்ப்புச் சொன்ன அன்னிக்கே போட ஆரம்பிச்சுட்டேன். இப்பவே சொறியலை. ஊர்ல சேனாதிபதி அண்ணன் பாத்துக்கிறாரு. தொப்பை மட்டுந்தான் குறையணும்."

நான் அடிவாரத்திலேயே நின்று கத்தினேன். மொட்டைத் தலைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"இது மோசடி. ஏமாத்தி எடுத்த முடி செல்லாது. முயலுக்கு நேந்த மொட்டையா இதை முருகன் ஏத்துக்கவே மாட்டாரு."

சண்முகவள்ளி கோபப்படவில்லை. முந்தானையால் என் நெற்றியில் வழிந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டாள்.

"எனக்கும் மனசு உறுத்துச்சுங்க. அதனாலதான் கத்தி வைக்கிறப்பவே இது அந்த டைபாய்டுக்குன்னு சொல்லிட்டேன். முயலுக்கு நேந்தது அப்படியே கெடக்கு. நல்லா வளரட்டும், அடுத்த மாசிக்கு வந்து குடுத்துருவோம்."