செவ்வாய்க்கிழமைப் பிரஷர்

“நூற்றி எழுபத்தெட்டு!”

நாகேஸ்வரி கைப்பட்டையை அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினாள். இரண்டாம் முறை இன்னும் கூடியிருந்தது.

சோபாவை நிறைத்து உட்கார்ந்திருந்த டோல்கர் அம்மா சிரித்தார். “நல்லா இருக்கா?”

“எங்க நல்லாயிருக்கு? போன கிழமையை விடக் கூட!”

டோல்கர் அம்மா திபெத்தியர். கர்நாடகத்தில் அகதிக் குடியிருப்பில் வாழ்ந்த காலத்தில், குளிர்காலம் வந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் நடைபாதையில் சுவெட்டர் விற்றவர். மகள் சோமோ தமிழை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு விலை பேசும் அளவுக்குத்தான் வந்தது. மூட்டை சுமந்து நடந்த உடம்பு, டொரொன்டோ பார்க்டேலுக்கு வந்து மாடி வீட்டில் உட்கார்ந்துவிட்டது. முதலில் எடை ஏறியது, பிறகு சீனி வருத்தம், கடைசியில் பிரஷர். அதே மாடியில் இருந்த திபெத்தியர் பலருக்கும் இதே கதைதான்.

செவ்வாய்க்கிழமைகளில் அவரைப் பராமரிக்கும் வேலைக்கு நகரின் கிழக்கே டோர்செட் பார்க்கிலிருந்து வருகிறவள் நாகேஸ்வரி. வந்ததும் வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர் வரும். இருவரும் அதைக் குடித்து முடிக்காமல் டோல்கர் அம்மா பிரஷர் பார்க்கக் கையை நீட்ட மாட்டார். நாகேஸ்வரிக்கு அது ரசத்தில் நெய் ஊற்றிக் குடிப்பது போலிருக்கும். ஆனால் ஒரு வீட்டில் தந்ததை மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவள். கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுவாள்.

அன்று துணிந்து சொன்னாள். “அம்மா, உப்பைக் குறைக்கோணும்.”

“குறைக்க முடியாதும்மா,” என்றார் டோல்கர் அம்மா உறுதியாக. “ஒரே விலை.”

நாகேஸ்வரி தன் வேலையை மேற்பார்க்கும் நர்ஸுக்கு அறிவித்தாள். டொக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த செவ்வாய் பிரஷர் இறங்கவில்லை.

கேத்தலில் இருப்பதைத் தானே குடித்து முடித்தால் அம்மாவுக்கு மிஞ்சாது என்று கணக்குப் போட்டாள். கோப்பை காலியாகக் காலியாக டோல்கர் அம்மா நிரப்பினார். கேத்தல் முடிந்ததும் முகமெல்லாம் மலர்ச்சியாக எழுந்து போய், இன்னொரு கேத்தல் கொதிக்க வைத்தார்.

“குடிங்க, குடிங்க!” என்று தானும் கூடவே குடித்தார்.

பிறகு ஒரு கிழமை பாகற்காய்க் கறியும் கேழ்வரகில் அவித்த குரக்கன் புட்டும் கட்டிக்கொண்டு போனாள். இனி இதுதான் சாப்பாடு என்று கையால் காட்டிவிட்டும் வந்தாள். மறு கிழமை பாத்திரம் வெறுமையாகத் திரும்பவில்லை. மைதாவைப் பிசைந்து எண்ணெயில் பொரித்தெடுத்த பலகாரம் விளிம்புவரை இருந்தது. டோல்கர் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒன்றைத் தான் கடித்து ஒன்றை அவளுக்கு ஊட்டினார். பிரஷர் நூற்றித் தொண்ணூறு. டொக்டர் இன்னொரு மாத்திரை எழுதினார்.

பஸ்ஸில் திரும்பும்போது நாகேஸ்வரிக்குத் தலை வலித்தது. அவளுடைய டொக்டரும் உப்பைக் குறை, மெலி என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ‘சொன்னால் கேட்காத மனுசி’ என்று டோல்கர் அம்மாவை நினைத்துக் கோபப்பட்டாள். கோபம் அடங்கியபோது, அந்த மனுசி இல்லாத செவ்வாயை நினைத்துப் பயமாக இருந்தது.

அடுத்த செவ்வாய் சோமோ கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது.

“வெள்ளிக்கிழமை அம்மா பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டாங்க ஆன்ட்டி. நேத்துதான் ஆஸ்பத்திரில இருந்து வந்தோம். தூங்குறாங்க.”

“பிரஷர் ஏறிட்டுதோ?”

“இறங்கிடுச்சு. ரொம்ப லோ. மாத்திரை அதிகமாம்.”

“அதெப்பிடி? ஒவ்வொரு கிழமையும் நான்தானே பாக்கிறன்! கூடிக் கூடியெல்லோ போகுது!”

“அங்க இருந்தவரைக்கும் ஏறவே இல்ல. ஆஸ்பத்திரில கேட்டாங்க, செவ்வாய்க்கிழமை மட்டும் என்ன நடக்குதுன்னு.”

நாகேஸ்வரிக்கு அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. “உந்த உப்புத் தேத்தண்ணிதான் பிள்ளை! நானும் எத்தினை தரம் சொல்லிப் பாத்திட்டன். உங்கட அம்மாவுக்கு அதில உயிர். எனக்கு உது தொண்டைக்குள்ளாலயே இறங்காது. அவ கோவிக்கக் கூடாதெண்டுதான் இவ்வளவு நாளும் குடிச்சனான். நீங்களாவது சொல்லி நிப்பாட்டுங்கோ!”

சோமோ அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அறைக்குள் டோல்கர் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

“அம்மா அதை விட்டு மூணு வருஷம் ஆச்சு ஆன்ட்டி,” என்றாள் மெதுவாக. “நீங்க கப்பு கப்பா குடிக்கிறதைப் பாத்துட்டு, ‘பாவம், அந்தப் பொண்ணு தனியாக் குடிக்கக் கூடாது’ன்னு செவ்வாய்க்கிழமை மட்டும் உங்களுக்காகக் குடிக்கிறாங்க.”