பிக்கப் வண்டிக்குக் கழுத்து பத்தவில்லை

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் மாமாவும் நலம். உங்கள் நலத்தையும் பெரியம்மாவின் நலத்தையும் அறிய ஆவல். உங்கள் பிக்கப் வண்டியின் நலத்தையும் விசாரித்திருப்பேன். அது எங்களிடம் இருப்பதால் நானே சொல்லிவிடுகிறேன். வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குள் என் பைக் இருக்கிறது. வெளியே வர மாட்டேன் என்கிறது.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் நம்பரைப் பார்த்தால் நீங்கள் எடுப்பதில்லை. பெரியம்மா எடுத்தால் “நல்லாருக்கேம்மா” என்று எதையும் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லி வைத்துவிடுகிறார். ஆகவே கடிதம். மாமா சாயங்கால பஸ்ஸில் வந்து உங்கள் கையில் கொடுப்பார்.

திங்கட்கிழமை இந்த ஊர்த் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை தொடங்குகிறது. தெருத் தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வரும் வேலை. சொந்த பைக் இல்லாமல் வந்தால் அப்படியே திரும்பிப் போகலாம் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். நானே ஓட்டிக்கொண்டு வந்திருப்பேன். அப்பாதான், “அவ்ளோ தூரம் நீ தனியா ஓட்டிட்டுப் போனா, இங்க நான் தைக்கிற துணியெல்லாம் கோணிக்கிட்டுப் போகும்” என்றார். அதனால் அம்மா பெரியம்மாவிடம் கேட்டு உங்கள் வண்டியை வாங்கினாள். நீங்கள் சாவியோடு சொல்லி அனுப்பிய நிபந்தனையையும் அம்மா சொன்னாள்: மழைத் தண்ணீர் இறங்காமல் பசை வைத்து அடைத்திருக்கிற மேல் கூண்டில் யாரும் கை வைக்கக் கூடாது, குறிப்பாக உங்கள் தம்பி.

அப்பா கை வைக்கவில்லை. டேப்பைத்தான் வைத்தார். கடையிலிருந்து கழுத்தில் தொங்கும் டேப்போடு வந்து, பைக்கை நேராக நிற்க வைத்து, ஷோல்டர், உயரம், நீளம் எல்லாம் எடுத்து, சீட்டின் மேலேயே சாக்பீஸால் குறித்துக்கொண்டார். பிறகு கூண்டுக்குள் ஏறி அதன் அகலத்தையும் உயரத்தையும் அளந்தார். “தாராளமா இருக்கு. ரெண்டு விரல் லூஸே இருக்கு” என்று இறங்கி வந்தவர், பைக்குக்கு ஏதோ வாக்குக் கொடுப்பதுபோல அதைத் தட்டிக்கொடுத்தார். பலகை போட்டு ஏற்றினோம். முன்சக்கரம் போனது. ஹேண்டில் பார் டங்கென்று முட்டி நின்றது. உள்ளே இருக்கிற உயரம் பின்வாசலில் இல்லை, பெரியப்பா. வாசலுக்கு மேலே சட்டம் ஒன்று கீழிறங்கி நிற்கிறது. அதை அப்பா அளக்கவில்லை.

பக்கத்துக் கடை ஃபிரிட்ஜ் மெக்கானிக் பார்த்துக்கொண்டே இருந்தவர், “மாஸ்டர், உடம்பெல்லாம் கச்சிதமாத்தான் இருக்கு. கழுத்துதான் பத்தல” என்றார். அவருக்குத் தெரியாது. அக்கா கல்யாணத்துக்கு அப்பா உங்களுக்குத் தைத்த சட்டையில் மேல் பொத்தான் பூட்டவில்லை என்பதும், “கழுத்தை அளக்க மறந்துட்டான்” என்று நீங்கள் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சொன்னதும், “அளக்கும்போது இந்தக் கழுத்து இல்ல, நடுவுல வீங்கிடுச்சு” என்று அப்பா சொன்னதும், அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? அப்பா டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தார். கழுத்தில் டேப் இல்லாமல் நான் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு மெக்கானிக்கே வழி சொன்னார். கண்ணாடிகளைக் கழற்றி, டயர்களில் காற்றை இறக்கி, அவர் பைக்கின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். அவர் உருவத்தை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு ஃபிரிட்ஜைத் தனியாக மாடிக்குத் தூக்குவார், பார்ப்பவர்களுக்கு எது ஃபிரிட்ஜ் என்ற குழப்பம் வரும். ஸ்பிரிங் அடியோடு அமுங்கியது. மாமா உள்ளே நின்று இழுக்க, அப்பாவும் நானும் பின்னால் தள்ள, பைக் மெக்கானிக்கோடு உள்ளே போனது. அவர் பின்பக்கமாக வழுக்கி இறங்கினார். பைக் பெருமூச்சு விட்டு எழுந்து நின்றது. அப்பா கயிறு எடுத்து, தையல் போடுவதுபோல நெருக்கி நெருக்கிக் கட்டி, கடைசி முடிச்சையும் போட்டு, நாலடி தள்ளி நின்று அழகு பார்த்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து மாமா, “மச்சான், நான் எப்படி வர்றது?” என்றார்.

அப்பா யோசித்தார். “நல்லாக் கட்டியாச்சு மாப்ள. அவுக்க மனசு வரல. எப்படியும் அங்க இறக்குறப்ப உள்ள ஒரு ஆள் வேணும்ல?” என்றார். வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தி, உள்ளே என்ன என்று கேட்டபோது, அப்பா, “ஒரு பைக்கு, ஒரு மச்சான்” என்று உண்மையைச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்த அதிகாரிக்கு மாமா வணக்கம் வைத்தார். அவர் என்ன நினைத்தாரோ, போகச் சொல்லிவிட்டார்.

இங்கே வந்து கயிற்றை அவிழ்த்ததும் மாமா தவழ்ந்து வெளியே வந்துவிட்டார். பைக் வரவில்லை. மெக்கானிக்கை ஏற்றி வர யாருக்கும் தோன்றவில்லை. மாமா படுத்துப் பார்த்தார். ஸ்பிரிங் மரியாதைக்குக் கொஞ்சம் அமுங்கியது. அப்பா படுத்தார், ஒருவர் ஏறியதே பைக்குக்குத் தெரியவில்லை. நான் படுக்க முன்வந்தேன். “நீ போம்மா அந்தப் பக்கம்” என்றார்கள். கூண்டைக் கழற்றலாம் என்றார் மாமா. “அண்ணன் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு” என்றார் அப்பா. நீங்கள் பேச்சை நிறுத்திய பிறகு அவர் வாயிலிருந்து ‘அண்ணன்’ என்று நான் கேட்டது இப்போதுதான். அந்தச் சட்டத்தை நிமிர்ந்து பார்த்து, “கழுத்தை அளந்திருக்கணும்” என்றார். எந்தக் கழுத்தை என்று நான் கேட்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த மெக்கானிக்குக்கு நிகரான எடை நம் குடும்பத்தில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாமாவோடு புறப்பட்டு வந்து, ஐந்து நிமிடம் பைக் மேல் படுத்துக் கொடுத்தால் போதும். அப்பாவோடு பேச வேண்டிய அவசியம்கூட இல்லை. முகம் கீழே பார்த்தபடிதான் இருக்கும். திங்கட்கிழமைக்குள் வந்துவிட்டால் என் வேலை பிழைக்கும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. அக்காவையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் ஆசியை வேண்டும்,

தம்பி மகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது, இங்கே நான் வாடகைக்குத் தங்கப் போகும் வீட்டுக்கார அம்மா துணி உலர்த்த வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, அந்த ஹேண்டில் பாரைக் கழட்டிப் படுக்க வச்சா வந்துடாதா?” என்றார். நாலு போல்ட். பைக் வெளியே வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியது எதுவும் தேவையில்லை, நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை அப்பா வாங்கிப் படித்தார். “ஒண்ணும் அடிக்காத, அப்படியே அனுப்பு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனார். இப்போது அவர் பைக்கை மறுபடியும் உங்கள் வண்டிக்குள் ஏற்றி, ஹேண்டில் பாரை நிமிர்த்தி முடுக்கிக்கொண்டிருக்கிறார். உள்ளே நின்று இழுத்தது மாமா, மறுபடியும் பைக்குக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். அதனால் கடிதம் வரக் கொஞ்சம் தாமதமாகலாம். நீங்கள் வரும்போது அந்தச் சட்டையையும் எடுத்துவரச் சொல்கிறார். டேப் மறுபடியும் கழுத்தில் இருக்கிறது.