ஐஸ்பெட்டிச் சிரஞ்சீவிகள்

மனிதர்களில் ஒரு ரகம் இருக்கிறது. இறாலில் ரகம் பிரித்தே தலை நரைத்தவன் நான், மனிதர்களில் பிரிக்கத் தெரியாதா? இந்த ரகத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஐஸ்பெட்டிச் சிரஞ்சீவி. உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிட்டால் எந்தப் பொருளுக்கும் சாவு கிடையாது என்று நம்புகிறவர். கடவுளை நம்புவாரோ மாட்டாரோ, ஃப்ரீசரை நம்புவார்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். கேளுங்கள். மூன்றாம் வகுப்புக்குமேல் பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிடவில்லை, நானும் அதை வற்புறுத்தவில்லை. துறைமுகத்தில் ஐஸ் பாளம் சுமந்து உச்சந்தலை மரத்துப்போனவன். இன்று எனக்கே சொந்தமாக மீன்கடையும் குளிர்கிடங்கும் இருக்கின்றன. பெரிய ஹோட்டல் சமையல்காரர்கள் என் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது?

சிரஞ்சீவியைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். காலையில் வரமாட்டார். காலையில் சரக்கு நன்றாக இருக்கும், விலையும் நன்றாக இருக்கும். கடை கழுவ வாளியை எடுக்கிற நேரத்தில் வருவார். கழித்துப்போட ஒதுக்கிவைத்த மட்டிக் கூடைமேல் அவர் கண் போகும்.

"இது என்ன விலை?"

"அது விலைக்கு இல்லைங்க, குப்பைக்கு. ஓடு திறந்து கிடக்குது, தட்டினாலும் மூடலை. செத்துப்போச்சு."

"நான் என்ன இப்பவா திங்கப் போறேன்? ஃப்ரீசர்லதானே வைக்கப் போறேன்?"

பார்த்தீர்களா? செத்ததை உள்ளே வைத்தால் செத்தபடியே வெளியே வரும். ஃப்ரீசர் என்ன ஆஸ்பத்திரியா? உள்ளே போன நிலைமையை அப்படியே பிடித்துவைக்கும், அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். இதைச் சொன்னால் சிரஞ்சீவி என்னைப் பார்த்துச் சிரிப்பார். வியாபாரி புதுச் சரக்கை விற்கப் பார்க்கிறான் என்று அந்தச் சிரிப்புக்குப் பொருள்.

வீட்டுக்குப் போனதும் அவர் செய்கிற சடங்கைக் கவனியுங்கள். தலை கிள்ளாத இறால், குடல் எடுக்காத இறால், சேறு கழுவாத மட்டி, இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருக்கிற நண்டு, எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் திணித்து, பைக்குள் ஒரு குடம் காற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, ஏற்கெனவே கதவு மூட அடம்பிடிக்கிற ஃப்ரீசருக்குள் முழங்காலால் முட்டித் தள்ளுவார். இறாலைச் சுத்தம் பண்ணி, ஒரு வேளைக்கு ஒரு பை என்று பிரித்து, காற்றைப் பிதுக்கி, தட்டையாகப் பரப்பிவைத்தால் சீக்கிரம் உறையும் என்பதோ, நண்டை வேகவைத்து ஆறவிட்டு உறையவைப்பதுதான் நல்லது என்பதோ அவருக்கு வேண்டாத விஷயம். பைமேல் தேதி எழுதுங்கள் என்றால் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டுவார். எல்லாம் இங்கே இருக்கிறதாம். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

விருந்தாளி வந்தால் பை வெளியே வரும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து நிதானமாக இளகவிட அவருக்குப் பொறுமை ஏது? ஜன்னல் வெயிலில் வைப்பார். இளகியதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப உறையவைப்பார். கேட்டால், "குளிச்சிட்டு வந்தவன் மறுபடி படுத்துத் தூங்குறதில்லையா?" என்பார்.

எங்கேயோ இருக்கிற ஆளைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த ரகத்தின் தலைவர் எனக்குச் சம்பந்தி. என் ஒரே மகளை அவர் வீட்டுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை தங்கம். சம்பந்தியம்மா வாய் திறந்து பேசியே பார்த்ததில்லை. சம்பந்தியும் தையல் மெஷின் ரிப்பேரில் கெட்டிக்காரர், யாரையும் ஒரு சொல் சொல்லாதவர். சமையலறையில் நிற்கிற அந்த வெள்ளை அலமாரி விஷயத்தில் மட்டும் மனிதர் வேறு ஆள்.

மகள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளைக்கு அன்று வேலை. போனதும் சம்பந்தி என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சம்பந்தி, உங்களுக்கு ஒண்ணு காட்டணும். அசந்துபோவீங்க."

ஃப்ரீசரின் அடிவயிற்றில் கையை விட்டு ஒரு பையை உருவினார். நான் அசந்துதான் போனேன். என் கடைப் பை. நீல வார் போட்டு நானே இறுக்கியது. இந்தச் சம்பந்தம் பேசி முடித்த சந்தோஷத்தில் நான் கொடுத்தனுப்பிய முதல்தர இறால். அதற்குப் பிறகு கல்யாணம் நடந்தது, அவர்கள் தனிக்குடித்தனம் போனார்கள், ஒத்துவராமல் திரும்பி வந்தார்கள், இப்போது பிள்ளையும் வரப்போகிறது. இறால் மட்டும் அங்கேயே இருக்கிறது.

"என் மருமகளுக்குன்னே எடுத்து வச்சேன். இன்னைக்கு அவளுக்கு இதுதான்."

பையை வாங்கிக் குலுக்கினேன். என் குளிர்கிடங்கில் இறாலை ஒவ்வொன்றாக உதிரியாக உறையவைப்போம். பையைக் குலுக்கினால் கூழாங்கல் போலச் சலசலக்கும். இது சத்தமே போடவில்லை. மொத்தமும் ஒரே கட்டி. கட்டியின் ஒரு மூலையில் அழுக்குச் சிவப்பில் ஐஸ், சாய்வாக. இளகி, நீர் விட்டு, அந்த நீர் மூலைக்கு ஓடி, திரும்ப உறைந்திருக்கிறது. ஒரு தடவை நடந்ததாகவும் தெரியவில்லை. ஐஸ் ஏடு ஏடாகப் படிந்திருந்தது.

"கரன்ட் அடிக்கடி போகுதா சம்பந்தி?"

"இந்தத் தெருவுல கரன்ட் போனதே இல்லையே."

"அப்புறம் இது எப்படி இளகிச்சு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். தொழில் ரகசியம் சொல்கிற முகம். "ராத்திரி படுக்கப் போகும்போது நான் சுவிட்ச ஆஃப் பண்ணிடுவேன். கதவு மூடித்தானே இருக்கு? காலைல போட்டா திரும்பக் கல்லாயிடுது. ராத்திரி பூரா அதுக்கு என்ன வேலை சொல்லுங்க?"

குளிருக்கு ராத்திரி லீவு விட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

சமையலறை வாசற்படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில். வியாபாரத்தில் எவனையும் எடுத்தெறிந்து பேசுவேன். மகள் வாழ்கிற வீட்டில் நாக்கைச் சுருட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் பேசிவிட்டு எழுந்து போய்விடுவேன், அவளல்லவா அங்கே இருக்க வேண்டும்? அதனால் குறுக்குவழி பார்த்தேன்.

"இந்தப் பையை எனக்குக் குடுத்துடுங்க சம்பந்தி. எனக்கு ஆசையா இருக்கு."

"நல்லா கேட்டீங்க. குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற ஆளா நீங்க? இது பிள்ளைத்தாச்சிக்கு."

"இளகி இளகி உறைஞ்சது. வயித்துக்கு ஆகாது."

"நல்லா கொதிக்கவிட்டா எல்லாம் செத்துடும்."

"கெட்டுப்போனதுல ஊறுற விஷம் சிலது கொதிச்சாலும் போகாது, சம்பந்தி. வயித்துல குழந்தை இருக்கு."

"மீன்கடைக்காரருக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்" என்று சிரித்துக்கொண்டே அவர் பையைப் பிடுங்கித் தொட்டியில் போட்டு வெந்நீரைத் திறக்கப் போனார்.

அப்போது மகள் கேட்டாள். என் மகள், என் வாய். "மாமா, நீங்களும் எங்ககூட இதைச் சாப்பிடுவீங்கல்ல?"

"நானா? எனக்கு எதுக்கும்மா. எனக்குக் காலைல வாங்கின மீனை உங்க அத்தை பொரிச்சு வச்சிருக்கா. பழசு எனக்கு ஒத்துக்காது, சின்ன வயசுலேருந்தே அப்படி."

சொல்லிவிட்டார். சொன்னது என்ன என்று அவருக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதில் விழுந்திருக்க வேண்டும், கை குழாயிலேயே நின்றுவிட்டது. அடுப்புப் பக்கம் இருந்த சம்பந்தியம்மா வந்தார். தொட்டியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து போனார். குப்பைத்தொட்டியின் மூடி விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, பொரித்த மீன் முழுவதையும் மருமகள் தட்டில் வைத்தார். சம்பந்திக்கு ரசமும் அப்பளமும். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். அந்த வீட்டு ஃப்ரீசர் இப்போது ராத்திரியும் ஓடுகிறது. சுவிட்சின்மேல் சம்பந்தியம்மா பிளாஸ்திரி ஒட்டிவிட்டாராம்.

ஆக, இந்த ரகத்தின் உண்மையான அடையாளம் எனக்கு அன்றுதான் பிடிபட்டது. சிரஞ்சீவி ஒருநாளும் அதைத் தான் தின்னமாட்டார். சேர்த்துவைப்பதெல்லாம் அடுத்தவருக்கு. பாசத்தோடு, பார்த்துப் பார்த்து, அடுத்தவருக்கு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் வீட்டு ஃப்ரீசரைத் திறந்து, பனியைச் சுரண்டி, அடித்தட்டில் பின்மூலையில் கையை விடுங்கள். ஒரு பை தட்டுப்படும். உள்ளே இருப்பது இறாலா, நண்டா, போன கல்யாணத்து மிச்சமா என்று உங்களுக்கே தெரியாது. இன்றைக்கு உங்கள் தட்டில் போடச் சொன்னால் முகம் சுளிப்பீர்கள். ஆனாலும் தூக்கிப்போட மனம் வரவில்லை, யாராவது வந்தால் ஆகும் என்று திரும்ப உள்ளே தள்ளுகிறீர்கள், இல்லையா?

அந்த யாராவது நானாக இருந்தால், எனக்கு அன்று வேறு வேலை இருக்கிறது.