வலது கால் முறிவு, நினைவில்லை

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நான் நடித்திருக்கிறேன். அதில் எனக்கு வசனம் கிடையாது, எழுந்து நிற்கும் வேலைகூடக் கிடையாது. இருந்தும் சொதப்பினேன் என்று யாரும் சொல்ல முடியாது. அளவுக்கு மீறி நன்றாக நடித்ததுதான் பிரச்சினை.

கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இலிகிதராக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்த புதிது. மடுல்கெல்லையில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து இப்படி ஓர் உத்தியோகத்துக்குப் போனவர்கள் குறைவு. அதனால் எனக்கு வேலை நிரந்தரமாகும்வரை வெளியே சொல்வதில்லை என்று அப்பா உறுதியாக இருந்தார் (தோட்டம் முழுக்கத் தெரியும், அது வேறு). தகுதிகாண் காலத்தில் மேலதிகாரி சொன்னதைத் தட்டக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான்.

புதிய ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி வைத்தார்கள். நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரரான செல்வராணி மேடம். கதிரையில் ஏறி மின்விளக்கு மாற்றக் கூடாது, தீயணைக்கும் கருவிக்கு முன்னால் பெட்டிகளை அடுக்கக் கூடாது என்று காலை முழுவதும் சொன்னார். மத்தியானம் தீ ஒத்திகை. சைரன் அடித்ததும் எல்லோரும் படியால் இறங்கி மரத்தடியில் கூட வேண்டும். ஒருவர் மட்டும் காயப்பட்டவராக மேல்மாடியில் கிடப்பார், அவரைத் தூக்கி வர வேண்டும். தூக்குவதற்கு வசதியான உடம்பு என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை, படுத்துக் கிடந்தாச் சரி. காவிக்கொண்டு போகுமட்டும் கண்ணையும் வாயையும் திறக்கக் கூடாது. விளங்கிச்சோ?" என்றார் மேடம்.

விளங்கியது. 'வலது கால் முறிவு, நினைவில்லை' என்று மூன்று மொழிகளிலும் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். வேலை கிடைத்ததற்காகத் தைத்த புதுக் காற்சட்டையோடு சீமெந்துத் தரையில் மல்லாந்தேன்.

சைரன் அடித்தது. அதைப் பூட்டியிருந்த சுவருக்கு மேலே பெரிய குளவிக்கூடு இருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை. எனக்கு அது பிறகுதான் தெரியும். அப்போது கேட்டதெல்லாம் அலறல்தான். கதவுகள் படார் படாரென்று சாத்தப்பட்டன. யாரோ அம்மாவைக் கூப்பிட்டு அழுதார்கள். நம்மவர்கள் என்னமாய் நடிக்கிறார்கள் என்று வியந்தேன். ஒருவர் என் கையை மிதித்துக்கொண்டு ஓடினார். ஒத்திகை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு சத்தம் அடங்கியது. தூக்க ஒருவரும் வரவில்லை. எழுந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். எழுந்தால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கிடந்தேன். இடையில் உண்மையிலேயே தூங்கியும்விட்டேன்.

குளவி கொட்டியவர்களை ஏற்ற வந்த அம்புலன்ஸ்காரர்கள், மேலே யாராவது மிச்சமா என்று பார்க்க வந்து என்னைக் கண்டெடுத்தார்கள். அட்டையைப் படித்துவிட்டுச் சிங்களத்தில் பதறினார்கள். கன்னத்தில் தட்டிப் பார்த்தார்கள். என்னைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்து நான் அசையவில்லை. காலுக்குப் பலகை வைத்துக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். ஒத்திகைக்கு நிஜ அம்புலன்ஸே பிடித்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை.

ஆஸ்பத்திரியில் பலகையை அவிழ்த்தார்கள். குளிர்ந்த இரும்பு ஒன்று கணுக்காலில் பட்டது, சரக்கென்று ஒரு சத்தம். ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். தாதி ஒருவர் என் புதுக் காற்சட்டையைக் கத்தரிக்கோலால் கீழிருந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"மிஸ், வெட்டாதீங்க. நானே கழட்டித் தர்றேன்" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நினைவில்லாதவன் எழுந்து உட்கார்ந்தால் எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அதற்குள் வெட்டு முழங்கால்வரை போயிருந்தது.

அலுவலகத்திலிருந்து யாரோ வீட்டுக்குப் பேசி, கால் முறிந்து நினைவில்லாமல் கிடக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். என் மனைவி புஷ்பா அழுதபடி ஓடி வந்தாள். நான் இரண்டு காலிலும் ஒழுங்காக நிற்பதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் கைப்பையால் முதுகில் ஒன்று போட்டாள். அவள் அழுதுகொண்டு வந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கட்டிலில் செல்வராணி மேடம். முகம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டிருந்தது.

"ஏன் நீர் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"நீங்கதானே மேடம் வாயைத் தொறக்கக் கூடாதுன்னீங்க."

திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது என்றுதான் முடிவு செய்தேன்.

போகவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஊழியர் நான்தான் என்று மேலிடத்தில் மேடமே சொன்னாராம். (குளவி கொட்டாத ஒரே ஊழியரும் நான்தான்.) வேலை நிரந்தரமானது, அப்பா தோட்டத்துக்கே தேநீர் வாங்கிக் கொடுத்தார். புதியவர்களுக்கான பயிற்சியில் இப்போது ஒரு விதி கூடியிருக்கிறது: ஒத்திகை இடையில் நின்றுபோனால், படுத்திருப்பவருக்கும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் விதி வேறு. காஸ் சிலிண்டர் தூக்க வேண்டிய நேரம் பார்த்து நான் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டால், புஷ்பா தட்டி எழுப்புவதில்லை. மகளைக் கூப்பிட்டு அமைதியாகச் சொல்வாள்.

"பாப்பா, அப்பாவுக்கு நெனவில்ல. கத்தரிக்கோல எடுத்துட்டு வா."